மைன்கிராஃப்ட் சுவர் மேப்: ஓரம் ஏன் சேரவில்லை?

கேள்வி: மைன்கிராஃப்ட் கேமின் ஜாவா எடிஷன் (கணினிப் பதிப்பு), பொருளை நாமே தேடிச் சேர்க்க வேண்டிய சர்வைவல் உலகம். வீட்டுச் சுவரில் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது மேப் மாட்ட ஆரம்பித்தேன். எல்லாமே மூன்றாம் ஸூம். ஆனால் இரண்டு மேப்பில் ஒரே இடம் வருகிறது, ஒரு பக்கம் வெற்றிடமாக நிற்கிறது. எதிர்ச் சுவரில் எங்கள் பூனையின் படத்தையும் வைக்க ஆசை, மாட் (mod, கேமை மாற்றும் கூடுதல் மென்பொருள்) எதுவும் போடாமல். முடியுமா?

பதில்: இரண்டுமே முடியும்.

நீங்கள் நின்று திறக்கும் இடம்தான் மேப்பின் நடுவில் வரும் என்று நினைத்துக் கொஞ்ச தூரம் நடந்து அடுத்ததைத் திறந்திருப்பீர்கள், நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உலகம் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத கட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது, ஒரு கட்டத்தின் எந்த மூலையில் நின்று திறந்தாலும் அந்தக் கட்டம் முழுசாகத்தான் வரும். ஸூம் செய்யாத மேப் 128-க்கு 128 பிளாக் (உலகம் கட்டப்பட்டிருக்கும் கனசதுரம்). ஒவ்வொரு ஸூமுக்கும் பக்கம் இரட்டிப்பாகி 256, 512, 1024, கடைசியில் 2048. உங்களுடையது 1024, அதாவது ஐந்நூறு பிளாக் நடந்து திறந்தால் பாதி நேரம் அதே கட்டத்துக்குள்தான் இருப்பீர்கள்.

இன்னொரு குழப்பம், கட்டம் பூஜ்யத்தில் தொடங்காது, மைனஸ் 64-இல் தொடங்கும். அதனால் மூன்றாம் ஸூமில் எல்லைகள் -1088, -64, 960, 1984 என்று போகும், எக்ஸ் (கிழக்கு-மேற்கு), இசட் (வடக்கு-தெற்கு) இரண்டுக்கும் இதே கணக்கு. உதாரணத்துக்கு வீடு எக்ஸ் 300, இசட் -150 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டத்தின் நடு எக்ஸ் 448, இசட் -576. அதிலிருந்து இரு திசையிலும் 1024 கூட்டிக் கழித்தால் எக்ஸ் -576, 448, 1472; இசட் -1600, -576, 448. இந்த ஒன்பது இடத்துக்கும் எஃப்3 விசையை அழுத்தி, நிற்கும் இடத்தின் எண்ணைத் திரையில் பார்த்துக்கொண்டே போய் ஒவ்வொன்றாகத் திறங்கள், ஒன்றுகூட மோதாது. திறந்தவற்றைப் பெட்டிக்குள் மூன்றுக்கு மூன்றாக அதே வரிசையில் அடுக்கிவிட்டால் எது எங்கே என்று பிறகு தேட வேண்டாம்.

ஸூம் செய்ய கிராஃப்டிங் டேபிளில் ஒவ்வொரு தடவையும் எட்டுக் காகிதம் போகும், மேப் வேலைக்கென்றே உள்ள கார்ட்டோகிராஃபி டேபிளில் ஒன்று போதும். நான்கு பலகையும் இரண்டு காகிதமும் இருந்தால் அந்த டேபிள் கிடைத்துவிடும், அது இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது வீண். ஸூம் முடித்த பிறகுதான் நகல் எடுக்க வேண்டும், முன்பே எடுத்தால் அந்த நகல் பழைய அளவிலேயே நின்றுவிடும். நகல் எதற்கு என்றால், சுவரில் மாட்டிய மேப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, யாராவது அதைக் கையில் பிடித்தபடி அந்த இடத்தில் நடக்க வேண்டும். நகலைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினால் சுவரில் இருப்பதும் சேர்ந்து மாறும். மாட்டியபின் மேப்பைத் தாங்கும் ஃபிரேமைத் தெரியாமல் இன்னொரு தடவை கிளிக் செய்தால் மேப் திரும்பிவிடும், ஓரம் சேராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், பாருங்கள்.

சரி, பூனை. மேப் என்பது மேலிருந்து பார்த்த தரைதான், ஆகவே தரையிலேயே பூனையை வரைய வேண்டும். ஸூம் செய்யாத மேப்பில் ஒரு பிளாக் ஒரு புள்ளி, படம் முழுக்க 16,384 பிளாக். ஸூம் செய்தால் ஒரு புள்ளிக்கே நான்கு பிளாக் ஆகிவிடும், அந்தப் பக்கம் போகாதீர்கள். சமதரை கிடைத்தால் கார்பெட் போடுங்கள், இரண்டு கம்பளியில் மூன்று கார்பெட் வரும், நிறம் கம்பளி தரும் அதே நிறம். அப்படியும் கிட்டத்தட்ட 11,000 கம்பளி வேண்டும், முதலில் ஆட்டுப் பண்ணையைப் பெரிதாக்குங்கள்.

படத்தைக் கணினியில் 128-க்கு 128 ஆகச் சுருக்கி, பதினாறு கம்பளி நிறத்துக்குள் அடக்கி, கட்டம் போட்டு வரிசை வரிசையாக எண்ணிப் போட வேண்டியதுதான். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் அதற்கு வடக்கே உள்ள பிளாக்கைப் பொறுத்தது: அதைவிட உயரமாக இருந்தால் நிறம் வெளுக்கும், தாழ்வாக இருந்தால் கருக்கும், சமமாக இருந்தால் நடு நிறம். இதை வைத்துப் படிக்கட்டு மாதிரி ஏற்றி இறக்கிக் கட்டினால் ஒரே நிறத்தில் மூன்று சாயல் எடுக்கலாம், பூனையின் ரோமம் பிரமாதமாக வரும், ஆனால் வேலை பல மடங்கு. முதல் படத்துக்குத் தட்டையே போதும் என்பேன். தட்டையாகப் போட்டாலும் வடக்கு எல்லைக்கு வெளியே அதே உயரத்தில் ஒரு வரிசை கூடுதலாகப் போடுங்கள். அங்கே தரை தாழ்வாக இருந்தால் படத்தின் மேல் ஓரத்தில் ஒரு வெளிறிய கோடு விழும், பலர் அது ஏன் என்று தெரியாமல் மொத்தத்தையும் பிரித்துப் பார்ப்பார்கள்.

வரைந்து முடிந்ததும் மேப்போடு கார்ட்டோகிராஃபி டேபிளில் ஒரு கிளாஸ் பேன் வைத்துப் பூட்டிவிடுங்கள். அப்புறம் தரையில் என்ன மாறினாலும் படம் மாறாது, கார்பெட் எல்லாவற்றையும் பெயர்த்து அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். பூட்டிய மேப்பையும் நகல் எடுக்க முடியும். படம் வரைந்த அதே 128 கட்டத்துக்குள் மாட்டினால் மட்டும் ஃபிரேம் இருக்கும் இடத்தைக் காட்டும் பச்சைக் குறி பூனையின் மேலேயே வந்து உட்காரும், அதனால் வீட்டிலிருந்து தள்ளி வேறு கட்டத்தில் வரையுங்கள். அறை இருட்டு என்றால் சாதா ஃபிரேமோடு ஒளிரும் கணவாய் மைப்பையைச் சேர்த்துச் செய்யும் குளோ ஐட்டம் ஃபிரேம் போடுங்கள், விளக்கு இல்லாமலே படம் பளிச்சென்று தெரியும்.