காயவைத்த இலுப்பைக் கொட்டை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: கல்லல் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் செம்மண் மேட்டு நிலம் இருக்கிறது. போன ஆடியில் கோயில் இலுப்பையடியில் கொட்டை பொறுக்கி, நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவைத்துப் பானையில் போட்டு வைத்தேன். ஐப்பசி மழைக்கு அறுபது கொட்டை ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. வீட்டிலேயே கன்று வளர்த்து வரப்போரம் வைக்க ஆசை. எங்கே தவறு ஐயா?

பதில்: ஐயா, வணக்கம். தவறு மண்ணில் இல்லை, மழையிலும் இல்லை. வெயிலில் காயவைத்த அன்றே அந்த அறுபது கொட்டையும் செத்துவிட்டன.

செக்குக்குக் கொடுக்கும் கொட்டையைக் காயவைக்கத்தான் வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் நீங்களும் செய்திருப்பீர்கள். ஆனால் விதைக்கு அது ஆகாது. நெல்லும் உளுந்தும் காய்ந்தால் தூங்கும், ஈரம் பட்டால் எழும். இலுப்பைக்கு அந்தத் தூக்கம் கிடையாது. பலாக்கொட்டையைப் போல அது ஈரத்தோடுதான் உயிரோடு இருக்கும். உள்ளீரம் குறைந்தால் முளை செத்துவிடும், அப்புறம் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் எழாது. அதுவும் எண்ணெய் நிறைந்த பருப்பு, வைத்திருந்தால் சிக்கடித்துப் போகும். ஆடியில் பொறுக்கியதை ஐப்பசி வரை வைத்ததே அதிகம்.

இந்த வருடம் ஆனிக் கடைசியிலிருந்தே மரத்தடியைப் பாருங்கள். விடிகாலையில் போனால் நல்லது. இரவில் வௌவால் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டிருக்கும், சதை நீக்கும் வேலை பாதி முடிந்திருக்கும். பளபளவென்ற பழுப்பு நிறத்தில், கையில் கனமாக, ஓட்டை இல்லாமல் இருப்பதை மட்டும் எடுங்கள். ஒட்டியிருக்கும் சதையைக் கழுவிவிட்டு, நிழலில் ஒரே ஒரு நாள் ஆறவிட்டு, ஒரு வாரத்துக்குள் ஊன்றிவிடுங்கள். முடியாவிட்டால் ஈர மணலில் புதைத்து நிழலில் வைக்கலாம், அதுவும் சில நாட்களுக்குத்தான். சந்தேகம் இருந்தால் இரண்டு கொட்டையை வெட்டிப் பாருங்கள். பருப்பு வெளிறிய நிறத்தில் கெட்டியாக, ஓடு முழுக்க நிறைந்து இருக்க வேண்டும். சுருங்கிக் கறுத்திருந்தால் அந்தக் குவியலை விட்டுவிடுங்கள்.

அடுத்தது கவர், அதாவது கன்று வளர்க்கும் பிளாஸ்டிக் பை. இதில்தான் பலரும் கெடுக்கிறார்கள். இலுப்பை முளைத்ததும் முதல் வேலையாக ஆணிவேரைக் கீழே விடும். ஒருமுறை ஒரு நாற்றங்காலில் வாங்கி வந்த கன்றுகள் பார்க்கப் பச்சைப்பசேலென்று இருந்தன. நட்டு இரண்டு கோடை ஆகியும் வளரவில்லை. பிடுங்கிப் பார்த்தால், சின்னக் கவரின் அடியில் வேர் வளையம்போலச் சுருண்டிருந்தது. அதனால் ஒரு அடி உயரத்துக்குக் குறையாத கவராக வாங்குங்கள், அடியில் நிறைய ஓட்டை போடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு போதும். கொட்டையைப் படுக்க வைத்து, மேலே ஒரு அங்குல மண் மூடினால் சரி. புதுக் கொட்டை இரண்டு மூன்று வாரத்தில் எட்டிப் பார்க்கும்.

அணிலும் எலியும் தோண்டித் தின்றுவிடும், முளைக்கும் வரை மேலே கம்பி வலை போடுங்கள். வீட்டின் வளவுக்குள், அதாவது உள்முற்றத்தில், வைக்க வேண்டாம். பத்திரமான இடம்தான், ஆனால் வெளிச்சம் போதாமல் கன்று நெடுநெடுவென்று நோஞ்சானாக வளரும். பின்கட்டில் கிணற்றடி நிழலோரம் பொருத்தமான இடம். மாதம் ஒருமுறை கவரைத் தூக்கி இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் வேர் தரைக்குள் இறங்கிவிடும்.

இந்த ஐப்பசிக்கே நட அவசரப்பட வேண்டாம். மூன்று மாதக் கன்று நம் பக்கத்துக் கோடையைத் தாங்காது. ஒரு கோடையை வீட்டில் கழித்து, அடுத்த ஐப்பசியில் இறக்குங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குக் கொண்டுவந்து பழக்குங்கள். குழியை ஆவணியிலேயே இரண்டு அடிக்கு இரண்டு அடி, இரண்டு அடி ஆழம் எடுத்து ஆறப்போடுங்கள். உங்கள் பக்கம் செம்மண்ணுக்கு அடியில் செம்புறாங்கல் பாறை தட்டும். தட்டினால் கடப்பாரையால் உடைத்துவிட்டே நடவேண்டும், வேர் இறங்க வழி இல்லாத குழி தொட்டிபோலத்தான்.

வரப்போரம் என்றீர்கள். வடக்கு வரப்பைத் தேர்ந்தெடுங்கள். மழைக்காலப் பயிர் நிற்கும் மாதங்களில் வெயில் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் வடக்கே விழும். அந்தப் பக்கம் பாதையோ கண்மாய்க் கரையோ இருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. பெரிய மரமாகும், முப்பது அடி இடைவெளி விடுங்கள். முதல் இரண்டு மூன்று வருடம் ஆடு கடிக்காமல் முள் அடைப்பும், கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீரும், அடியில் சருகு மூடாக்கும் வேண்டும்.

காய்ப்புக்குப் பத்து வருடம்போல ஆகும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோயில் ஒன்பதில் ஒன்றான இலுப்பைக்குடி, பெயரிலேயே இந்த மரத்தை வைத்திருக்கிறது. கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய் ஊற்றிய ஊர்களில் புதிதாகக் கன்று வைப்பவர் குறைந்துபோனதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. நீங்கள் வைக்கிறேன் என்றதும் அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

முப்பது கன்று வேண்டுமென்றால் ஐம்பது கவரில் ஊன்றுங்கள். மீதிக் கொட்டையை வழக்கம்போல வெயிலில் காயவைத்துச் செக்குக்குக் கொடுத்துவிடலாம்.