தம்பி சிறையிலிருந்து வருகிறான், பாலியல் குற்றப் பதிவேட்டில் பெயர் இருக்கும். ஒன்ராறியோவில் எங்கே உதவி கேட்பது?

"அம்மாவையும் என்னையும் தவிர ஒருவருக்கும் தெரியாது" என்று கேள்வியோடு எழுதியிருக்கிறீர்கள். வீடு, வேலை எல்லாவற்றுக்கும் முதல் அதைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

நான் ஆறு வருசமாக ரொறன்ரோவில் ஓர் ஆதரவு வட்டத்தில் தொண்டராக இருக்கிறேன். கோசா (CoSA) என்று சொல்வார்கள்: பாலியல் குற்றத்துக்காகச் சிறை இருந்து வந்தவரைச் சுற்றித் தொண்டர்கள் சிலர் நின்று, ஆதரவும் கொடுத்துக் கணக்கும் கேட்பது. இது தொடங்கியதே நம் பக்கத்து ஹமில்டனில்தான். 1994இல் சார்லி டெய்லர் என்பவர், சிறுவர்களுக்கு எதிரான குற்றங்களுக்கான தண்டனையை முழுதாக முடித்துக்கொண்டு வெளியே வந்தார். தண்டனை முடிந்துவிட்டதால் பரோலும் இல்லை, உதவிக்கு ஆளும் இல்லை. ஊர் கொதித்துப்போய் இருந்தது. அப்போது ஹாரி நை என்ற மெனனைற் கிறிஸ்தவ சபைப் போதகர் தன் சபையில் நாலைந்து பேரைச் சேர்த்து, ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் சார்லியைப் பார்ப்பது என்று ஏற்பாடு செய்தார். சார்லி இறக்கும்வரை அந்தக் குற்றத்தைத் திரும்பச் செய்யவில்லை. பிறகு கனடாவில் பல நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் இந்த முறை போனது. வட்டம் உள்ள 44 பேரையும் இல்லாத 44 பேரையும் ஒப்பிட்டு 2009இல் வந்த கனேடிய ஆய்வு, வட்டம் உள்ளவர்களிடம் பாலியல் குற்றம் திரும்ப நடப்பது 83 வீதம் குறைவு என்றது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் பின்னர் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வும் அதே பக்கம்தான் காட்டியது.

வட்டத்தில் என்ன நடக்கும்? கிழமைக்கு ஒரு பின்னேரம் நாலைந்து தொண்டர்கள் அந்த மனிதரோடு இருப்போம். அவர் என்ன செய்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் வாயாலேயே சொல்லியிருப்பார். அந்தக் கிழமை எங்கே போனார், யாரோடு கதைத்தார், எது மனதை அலைக்கழித்தது என்று கேட்போம். எங்கள் வட்டத்தில் இருந்தவருக்குப் பூங்காவுக்கும் நீச்சல் குளத்துக்கும் போகக்கூடாது என்று நீதிமன்றத் தடை. வேலைக்குப் போகும் பஸ் ஒரு பூங்கா வாசலில் நின்றது. இரண்டு பேர் அவரோடு நடந்து பார்த்து வேறு வழி கண்டுபிடித்தோம். இன்னொரு முறை, வேலை போன கவலையில் அதே பூங்காப் பக்கம் போய் நின்றதாக அவரே சொன்னார். நாங்கள் அதை மறைக்கவில்லை. அடுத்த நாள் காலை அவரையும் கூட்டிக்கொண்டு ப்ரொபேஷன் அதிகாரியிடம் (நீதிமன்ற நிபந்தனைகளை மேற்பார்வை செய்பவர்) போனோம். எங்கள் ஆளுக்குக் கோபம்தான். ஆனாலும் அடுத்த கிழமை வட்டத்துக்கு வந்தார். இந்த உதவியின் முதல் நோக்கம் இன்னொரு பிள்ளை பாதிக்கப்படக்கூடாது என்பது. அதை ஏற்காத ஒருவருக்கு வட்டம் பொருந்தாது.

ஆகவே உண்மை தெரிந்த ஆட்கள் வேண்டும். உங்களையும் அம்மாவையும் மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சுமக்க முடியாது. கோயிலில் தெரிந்துவிடும், தங்கச்சியின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்ற பயம் எனக்கு விளங்குகிறது. ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்லவில்லை. அமெரிக்காவைப்போல இங்கே படமும் முகவரியும் இணையத்தில் போடமாட்டார்கள். கிறிஸ்தோபர் சட்டம் என்ற மாகாணச் சட்டத்தின் கீழ் உள்ள ஒன்ராறியோவின் பாலியல் குற்றப் பதிவேடு 2001 முதல் நடைமுறையில் உள்ளது, தேசியப் பதிவேடு 2004 முதல். இரண்டையும் பொலிஸ்தான் பார்க்கலாம். ஆபத்து அதிகம் என்று கருதினால் மட்டும் பொலிஸ் பொதுமக்களுக்கு அறிவித்தல் கொடுக்கும்.

வெளியே வந்த 7 நாளுக்குள் பொலிசில் நேரில் போய்ப் பதிய வேண்டும். பிறகு வருசம் ஒருமுறையும், முகவரி மாறும்போதும் போக வேண்டும். 7 நாளோ அதற்கு மேலோ வீட்டில் இல்லாமல் வேறு இடம் போவதென்றாலும் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் செத்தவீடு என்று டிக்கெட் போட முன் இதை நினைவில் வையுங்கள். மறந்து தவறவிடுவதே புதிய குற்றம்.

வீடுதான் பெரிய சிக்கல். ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற மாகாண உதவித்தொகை தனி ஆளுக்கு மாதம் 733 டொலர் கொடுக்கிறது. ஸ்காபரோவில் அதற்கு ஒரு அறைகூடக் கிடைக்காது. எங்கள் ஆளுக்கு ஒரு வீட்டுக்காரர் திறப்பைக் கொடுத்து, இரண்டாம் நாளே திருப்பி வாங்கினார். தம்பி மத்திய சிறையில் இருந்தால் (இரண்டு வருசமோ அதற்கு மேலோ தண்டனை) பரோல் அதிகாரி வழியாக ஹாஃப்வே ஹவுஸ் (வெளியே வருபவர்கள் மேற்பார்வையில் தங்கும் வீடு) கேட்கலாம். மாகாணச் சிறை என்றால் சிறையிலிருந்து வருபவர்களுக்கு உதவும் ஜோன் ஹவர்ட் சொசைட்டியிடம் போங்கள். ரொறன்ரோ சவுத் சிறைக்கு முன்னாலேயே அவர்களுடைய நிலையம் இருக்கிறது. வாசலால் வந்தவுடன் போன் எடுக்க, உடுப்பு மாற்ற, ஷெல்டர் தேட உதவுவார்கள். எலிசபெத் ஃப்ரை சொசைட்டி இதே உதவியைப் பெண்களுக்குச் செய்வது. சிகிச்சைக்கு ரொறன்ரோவின் காம் (CAMH) மனநல மருத்துவமனையில் பாலியல் நடத்தைக்கான தனி கிளினிக் உண்டு. குடும்ப டாக்டரிடமோ ப்ரொபேஷன் அதிகாரியிடமோ அதற்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளை உங்கள் குடும்பமா? அப்படியென்றால் அம்மா எவ்வளவு அழுதாலும் தம்பி அந்த வீட்டுக்கு வரக்கூடாது. நீதிமன்ற ஆணை என்ன சொல்கிறது என்பதை முதலில் லோயரிடம் வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையிடம் "மாமா மாறிவிட்டார், மன்னிச்சுவிடு" என்று யாரும் போய் நிற்கவும் வேண்டாம். கிச்சினரில் கம்யூனிட்டி ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ்ஸ் என்ற அமைப்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும் துன்பம் செய்தவர்களுக்கும் தனித்தனியாக உதவி வைத்திருக்கிறது. குடும்பத்துக்குள் நடந்த விசயத்துக்கு எனக்கு அவர்களில் நம்பிக்கை அதிகம்.

விடுதலைக்கு இன்னும் மூன்று மாதம் என்றீர்கள். வட்டம் சேர்க்க அவ்வளவும் எடுக்கும். தம்பியைச் சிறைச் சாப்ளினிடம் (சிறையில் உள்ள மதகுரு) கோசா பற்றி இந்தக் கிழமையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் 211க்கு (சமூக சேவைகள் பற்றிச் சொல்லும் தொலைபேசி இலக்கம்) எடுத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லி அம்மாவையும் பக்கத்தில் இருத்திக் கதையுங்கள். ஓஹிப் காட் (மாகாண மருத்துவ அட்டை), சின் இலக்கம் (சமூகக் காப்புறுதி இலக்கம்), பிறப்புப் பத்திரம் மூன்றும் ஒரு கவரில் இருக்கட்டும். அவன் வெளியே வரும் காலையில் வாசலில் யாராவது நிற்க வேண்டும். உங்களால் முடியாவிட்டால் எழுதுங்கள், எங்கள் வட்டத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.