அடைப்புக்குறிக்குள் ஒரு அக்கா

கேள்வி: பட்டப்பின் ஆய்வுக்காக யாழ்ப்பாணத்தில் கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் 32 வீட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று (உரம், மலக்குழிகளிலிருந்து தண்ணீரில் கலக்கும் நைதரசன் உப்பு) அளந்தேன். ஒன்பதில் குடிநீர் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுகிறது. சஞ்சிகையில் வரும்வரை வாய் திறக்க வேண்டாம் என்கிறார் மேற்பார்வையாளர். கிணறுகளை வரைபடத்தில் குறித்து முகநூலில் போடச் சொல்கிறார்கள் நண்பர்கள். எது சரி? (அக்கா வீட்டுக் கிணறும் அந்த ஒன்பதில் ஒன்று. கைக்குழந்தையோடு இருக்கிறா, பயந்துவிடுவா என்று இன்னும் சொல்லவில்லை.)
ஆய்வு மாணவி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: பிள்ளை, அடைப்புக்குறிக்குள் போட்டதை முதலில் வெளியே எடும். குழந்தைக்குப் போத்தல் பாலா? அதைக்கூட நீர் எழுதவில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்தால், குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றல் கெடும். உதடு நீலம் பாயும். 50 என்ற எல்லையே அந்தப் பிள்ளைகளை நினைத்து வைத்ததுதான். அக்கா பயப்படட்டும். பயந்தால் தண்ணீரை மாற்றுவா. "கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறன்" என்பா. கொதிக்கக் கொதிக்க நீர்தான் ஆவியாகும், நைத்திரேற்று செறியும். மண் வடிகட்டியாலும் போகாது.

கூடப்பிறந்தவளுக்கே சொல்லாதவர் மற்ற எட்டு வீட்டுக்குச் சொல்லியிருக்க மாட்டீர். படலை திறந்து, வாளியும் கயிறும் தந்த சனம் அது. அவர்களுக்குக் கடன்பட்ட பிறகுதான் சஞ்சிகைக்குக் கடன்.

ஆய்வுகூட அறிக்கையை எடுத்து அலகைப் பாரும். முழு நைத்திரேற்றாகவா, அதிலுள்ள நைதரசனை மட்டும் காட்டும் நைத்திரேற்று-நைதரசனாகவா? இரண்டாவதென்றால் 4.43ஆல் பெருக்க வேண்டும், அப்போது 11.3 தாண்டினாலே எல்லை மீறல், ஒன்பது இன்னும் கூடலாம். ஒன்பது கிணற்றிலும் இரண்டிரண்டு போத்தல் திரும்ப எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 48 மணித்தியாலத்துக்குள் அளந்து பாரும். அக்காவுக்குச் சொல்ல மட்டும் அதற்காகக் காத்திராதேயும். மற்ற வீடுகளுக்குத் தமிழில் ஒரு தாள்: திகதி, அளவு, எல்லை, குழந்தைக்கு என்ன செய்வது. கையில் கொடும். பிறகு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் அறிவியும்.

சரிபார்க்காத அட்டவணையை ஊருக்கு விடக்கூடாது என்ற அளவில் மேற்பார்வையாளர் சரி. ஆனால் கிணற்றுக்காரருக்கு அவருடைய கிணற்று அளவைச் சொல்வது, சஞ்சிகைக்கு முன்னரே வெளியிட்டதாக ஆகாது. அதைச் சொல்லி எந்த நல்ல சஞ்சிகையும் கட்டுரையைத் திருப்பாது. இன்ன திகதியில் வீடுகளுக்குச் சொல்லப்போகிறேன் என்று அவருக்கு மின்னஞ்சலில் எழுதும், வாயால் வேண்டாம்.

வரைபடம் கூடவே கூடாது. அகலக்கோட்டு, நெடுங்கோட்டுப் பாகையை நாலு தசமத்தில் போட்டால் 11 மீற்றருக்குள் கிணறு தெரியும். கட்டுரையிலும் இரண்டு தசமத்தோடு நில்லும், அது ஒரு கிலோமீற்றர் அளவு. கிணறு கெட்ட காணி என்று பெயர் எடுத்தால், அந்த வீட்டுப் பெட்டைக்கு எழுதிவைத்த சீதனக் காணி விலைபோகாது. அடுத்த வருடம் உம்முடைய இளையவர்களுக்குப் படலையும் திறவாது.

அக்காவுக்கு வட்சப்பில் அட்டவணை அனுப்பாதேயும். இன்று பின்னேரமே நேரே போம், போகும்போது ஒரு கான் நல்ல தண்ணீரும் கொண்டுபோம்.