நாரையின் அலகில் ஒரு சுள்ளி: போட்டிக்கு அனுப்பும் படத்தில் எதைத் தொடலாம்?

கேள்வி: கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் சங்குவளை நாரை ஒன்று குஞ்சுகளுக்கு இரை கொடுப்பதைப் படம் எடுத்தேன். அலகுக்குக் குறுக்கே மங்கலாக ஒரு சுள்ளி விழுந்துவிட்டது. அதை மட்டும் ஃபோட்டோஷாப்பில் எடுத்துவிட்டு, கொஞ்சம் க்ராப் செய்து, வெளிச்சம் கூட்டி ஒரு போட்டியின் இயற்கைப் பிரிவுக்கு அனுப்பலாமா? ‘எடிட் செய்த படங்கள் ஏற்கப்படாது’ என்று விதியில் போட்டிருக்கிறார்கள். க்ராப்பும் எடிட்தானே?

பதில்: க்ராப் செய்யுங்கள், வெளிச்சம் கூட்டுங்கள். சுள்ளியைத் தொடாதீர்கள்.

டிஜிட்டலில் எடிட் ஆகாத படம் என்று ஒன்று கிடையாது. ஜேபெக்கில் எடுத்தால் நிறம், ஷார்ப்னெஸ், நாய்ஸ் (படத்தில் விழும் பொடிப்புள்ளிகள்) எல்லாவற்றிலும் கேமராவே கை வைத்துவிட்டுத்தான் கோப்பைத் தருகிறது. செல்போனோ பல ஷாட்டுகளைச் சேர்த்து ஒரே படமாக்கிவிடுகிறது. அதனால் விதியில் அப்படி மொட்டையாக எழுதியிருந்தால், லென்ஸுக்கு முன்னால் இருந்ததைக் கூட்டாதே, குறைக்காதே, நகர்த்தாதே என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். ஃபியாப் என்ற சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற சலோன்களில், அதாவது புகைப்படப் போட்டிகளில், இயற்கைப் பிரிவின் விதி இதை வெளிப்படையாகவே சொல்கிறது. டாட்ஜ், பர்ன் (ஒரு பகுதியை மட்டும் வெளிச்சமாக்குவது, இருட்டாக்குவது), ஃபோகஸ் ஸ்டாக்கிங் (ஃபோகஸை மாற்றி மாற்றி எடுத்த ஷாட்டுகளைச் சேர்ப்பது) எல்லாம் அங்கே சரி. பல ஃப்ரேம்களை ஒட்டிய பனோரமா மட்டும் கூடாது. அதே பனோரமாவை லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் நடத்தும் வனவிலங்குப் போட்டியில் ஏற்கிறார்கள். ஊருக்கு ஊர் விதி மாறும், படித்துவிட்டு அனுப்புங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் ஹீலிங் பிரஷ், அதாவது ஒரு இடத்தைச் சுற்றியிருப்பதைக் கொண்டு மூடி மறைக்கும் ஃபோட்டோஷாப் கருவி. வானத்தில் தெரியும் சென்சார் தூசியை அதே பிரஷ்ஷால் துடைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். தூசி கேமராவில் இருந்தது, சுள்ளி மரத்தில் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். அந்தச் சுள்ளி ஃப்ரேமின் ஓரத்தில் இருந்திருந்தால் க்ராப்பிலேயே போயிருக்கும், விதிப்படி அதில் தப்பில்லை. நடுவில் இருப்பதால் கூடாது. கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கிறது!

2010இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ என்ற பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் நடந்ததும் கிட்டத்தட்ட உங்கள் கதைதான். ஸ்டெபான் ரூடிக் என்பவர் கீவ் நகரத் தெருச்சண்டைகளைப் பற்றி எடுத்த படத்தொடர் பரிசு பெற்றது. அதில் ஒரு படம், கட்டுப் போட்ட ஒரு கை. மூலப்படத்தை ஏகத்துக்கும் க்ராப் செய்து, கருப்பு வெள்ளையாக்கி, பழைய ஃபிலிம் படம்போல கிரெய்ன் (பொடிப்புள்ளிகள்) சேர்த்திருந்தார். பரிசு பறிபோனது அதற்காக அல்ல. கைக்குப் பின்னால் துளியூண்டு தெரிந்த யாரோ ஒருவரின் பாதத்தை அழித்ததற்காக.

வெளிச்சத்திலும் ஒரு எல்லை உண்டு. 2015இல் அதே போட்டியின் கடைசிக்கு முந்தைய சுற்றுவரை வந்த படங்களில் 20 சதவீதம் வெளியேற்றப்பட்டன. சிலவற்றில் இருட்டாக்கி இருட்டாக்கி, இருந்த பொருளே காணாமல் போயிருந்தது. பறவைப் படங்களில் பின்னணியைக் கன்னங்கரேலென்று ஆக்குவது இப்போது ஒரு மோகமாகிவிட்டது. எனக்கு அது பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம். பின்னால் இருந்த கிளை மங்கட்டும், மறைந்துவிடக் கூடாது. ஏஐ கருவிகளையும் இப்படியே பாருங்கள்: நாய்ஸ் குறைப்பதைப் பல போட்டிகள் பொறுத்துக்கொள்ளும், இல்லாத இறகை வரைந்து சேர்ப்பதை இயற்கைப் பிரிவில் ஏற்க மாட்டார்கள்.

யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைக்காதீர்கள். ஒரு சிறிய போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தபோது, மீன்கொத்தி தண்ணீரிலிருந்து எழும் படம் ஒன்று வந்தது. எல்லாரும் சொக்கிப் போனோம். பெரிதாக்கிப் பார்த்தால், இறக்கையின் ஓரத்தில் ஒரே வடிவத்தில் இரண்டு நீர்த்துளிகள், பக்கத்திலிருந்த மினுக்கம்கூட ஒன்றுபோல. எடுத்தவர் எதையோ மறைக்க க்ளோன் செய்திருக்கிறார், அதாவது பக்கத்தில் இருந்ததை நகலெடுத்து ஒட்டியிருக்கிறார். பெரிய போட்டிகளில் இந்தத் துப்பறியும் வேலைகூடத் தேவையில்லை, கடைசிச் சுற்றில் கேமரா பதிவு செய்த மூலக் கோப்பான ரா கோப்பையே கேட்டு வாங்கி ஒப்பிடுவார்கள். உங்கள் ரா கோப்பை அழித்துவிடாதீர்கள், பெயரைக்கூட மாற்ற வேண்டாம்.

சுள்ளி இல்லாமல்தான் வேண்டும் என்றால், எடிட்டிங்கை அனுமதிக்கும் ஓப்பன் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன்னால், அன்று எடுத்த மற்ற ஃப்ரேம்களை ஒருமுறை புரட்டுங்கள். இரை கொடுக்கும் நாரை தலையை ஆட்டிக்கொண்டேதான் இருக்கும், அலகு சுள்ளியை விட்டு விலகிய ஒரு ஃப்ரேம் கிடைத்தாலும் கிடைக்கும்.