மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து ஊற்றியும் ஆடுகள் ஏன் மெலிகின்றன?

உங்களிடம் 30 செம்மறி, 12 வெள்ளாடு, 4 மாடு. எல்லாம் மேய்ச்சலுக்குப் போகின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் எல்லா உருப்படிக்கும் அல்பெண்டசோல் என்கிற குடற்புழு மருந்தை ஊற்றுகிறீர்கள். இருந்தும் ஐப்பசி மழைக்குப் பிறகு ஆடுகள் மெலிகின்றன, இரண்டு செத்துவிட்டன, இதைவிட வீரியமான மருந்து எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மருந்துக்கடைக்குப் போவதற்கு முன்னால் ஆட்டின் கண்ணைப் பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

வெள்ளகோவில் பக்கம் கொரங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், மேச்சேரி இனச் செம்மறி வளர்க்கிறேன். நானும் பல வருடம் உங்களைப் போலத்தான் காலண்டரைப் பார்த்து மருந்து ஊற்றினேன். ஒரு கார்த்திகையில் ஒரே வாரத்தில் நான்கு ஆடுகள் போயின. கழிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. சாயங்காலம் மந்தைக்குப் பின்னால் தள்ளாடி வந்த ஆடு, காலையில் பட்டியில் விறைத்துக் கிடந்தது. மருத்துவர் வந்து அறுத்துப் பார்த்தார். நான்காம் இரைப்பையைத் திறந்ததும் சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கினாற்போல, இரண்டு செ.மீ. நீளத்தில், புழுக்கள் கொத்துக் கொத்தாக நெளிந்தன. சிவப்பு, அது குடித்த ஆட்டு ரத்தம். வெள்ளை, அதன் முட்டைப்பை. ஹீமாங்கஸ் என்று பெயர் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன்புதான் மருந்து ஊற்றியிருந்தேன் என்றதும், ‘அப்படியென்றால் உங்கள் காட்டுப் புழுவுக்கு அந்த மருந்து பழகிப்போயிற்று’ என்றார்.

ஒரு புழு ஒரு நாளைக்குச் சுமார் 0.05 மி.லி. ரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மி.லி. 25 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமே ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல்தான் ரத்தம் ஓடுகிறது. ஒரு பெண் புழு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். மழை ஈரமும் சூடும் சேர்ந்தால் புழுக்கையில் விழுந்த முட்டை ஒரே வாரத்தில் தொற்றும் பருவத்துப் புழுக்குஞ்சாகி, புல்லில் ஏறிக் காத்திருக்கும். ஆட்டின் வயிற்றுக்குள் போய் மூன்று வாரத்தில் அதுவும் முட்டையிடத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் இப்படி ஓடுகிற கணக்குக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்கிற கணக்கு எப்படி ஈடுகொடுக்கும்?

இன்னொரு சங்கதி. அல்பெண்டசோல் குடும்பத்தின் முதல் மருந்தான தையாபெண்டசோல் 1961இல் வந்தது. 1964லேயே அதற்குச் சாகாத ஹீமாங்கஸ் புழுக்கள் செம்மறிகளில் காணப்பட்டன. எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றினால், தப்பிப் பிழைக்கிற புழு மட்டும்தான் அடுத்து முட்டையிடும். கொஞ்ச காலத்தில் காடு முழுக்க அதன் வம்சம்தான். சில ஆடுகளுக்கு மருந்து கொடுக்காமல் விட்டால், அவற்றின் வயிற்றில் இருக்கும் சாதாரணப் புழுக்களும் முட்டையிடும். மருந்துக்கு மடிகிற வம்சம் காட்டில் மிஞ்சும், மருந்தும் வேலை செய்துகொண்டிருக்கும். முதலில் கேட்டபோது எனக்கும் இது ஏற்கவில்லை. புழுவை வேண்டுமென்றே விட்டுவைப்பதா என்றுதான் தோன்றியது. ஆனால் மந்தையில் இருக்கும் புழுவில் பெரும்பங்கு நாலைந்தில் ஓர் ஆட்டிடம்தான் குவிந்திருக்கும். அந்த ஆடுகளைக் கண்டுபிடித்துவிட்டால் போதும்.

கண்டுபிடிக்கிற வழிதான் கண். தென்னாப்பிரிக்காவில் மலான் என்ற கால்நடை மருத்துவர் வகுத்த ஃபமாச்சா அட்டை என்று ஒன்று உண்டு. இமையின் உட்புற நிறத்தை ஐந்து படியாகக் காட்டும். ஆட்டை நிழலில் பிடிக்காதீர்கள், வெயிலில் நிறுத்துங்கள். மேல் இமையைக் கட்டைவிரலால் மூடி லேசாக அழுத்தி, மற்றக் கட்டைவிரலால் கீழ் இமையைக் கீழே இழுங்கள். உள்சதை பிதுங்கி வரும். ஒரே பார்வை, விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் அந்தச் சதை சிவந்து ஏமாற்றும். நல்ல சிவப்பு 1, இளஞ்சிவப்பு 3, சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்தது 5. நான்கும் ஐந்தும் உடனே மருந்துக்கு. மூன்றில் இருப்பது குட்டி, சினை ஆடு, பால் கொடுக்கிற ஆடு, வெள்ளாடு என்றால் அதற்கும் ஊற்றிவிடுகிறேன். ஒன்றும் இரண்டும் அப்படியே போகட்டும். மழைக்காலத்தில் பத்து நாளைக்கு ஒரு முறை, கோடையில் மாதம் ஒரு முறை பார்த்தால் சரி. தாடைக்குக் கீழே பை போல நீர் கோத்துத் தொங்குகிற ஆட்டுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தம் குடிக்கிற புழுவுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. உண்ணியால் வரும் ரத்தக் காய்ச்சலிலும், ஈரல் புழுவிலும்கூடக் கண் வெளுக்கும். அதனால் புழுக்கைப் பரிசோதனை கட்டாயம் வேண்டும்.

பரிசோதனை பெரிய வேலை இல்லை. மருந்து ஊற்றும் நாளில் பத்து ஆடுகளின் புழுக்கையை, தரையில் பொறுக்காமல் ஆசனவாயிலிருந்தே எடுத்து, தனித்தனிப் பாக்கெட்டில் அன்றைக்கே மருத்துவரிடம் கொடுங்கள். முட்டை எண்ணித் தர வேண்டும் என்று சொல்லுங்கள். 10 முதல் 14 நாள் கழித்து அதே ஆடுகளுக்கு மறுபடி. முட்டை எண்ணிக்கை 95 சதவீதம் குறையவில்லை என்றால் அந்த மருந்துக்கு உங்கள் காட்டில் வேலை குறைந்துவிட்டது. மாற்றுவதானால் குடும்பத்தையே மாற்ற வேண்டும். அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் ஒரே குடும்பம், பாட்டில்தான் வேறு. லெவாமிசோல், ஐவர்மெக்டின், குளோசாண்டல் மூன்றும் வெவ்வேறு குடும்பம். எதைக் கொடுப்பது என்பதை எண்ணிக்கையைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். பாலையும் கறியையும் எத்தனை நாள் விற்கக்கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து ஊற்றும் விதத்திலும் நிறையக் கோட்டை விடுகிறோம். கண் மதிப்பில் எடை போட்டு அளவு குறைத்து ஊற்றுவதுதான் முதல் தப்பு. 35 கிலோ ஆட்டை 25 என்று நினைத்துவிடுவோம். சாக்கில் கட்டித் தொங்கு தராசில் நிறுத்துப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடும். செம்மறி அளவு அதற்குப் போதாது. அல்பெண்டசோல் குடும்பத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, லெவாமிசோலில் ஒன்றரை மடங்கு, அதற்குமேல் ஆபத்து. உங்கள் மருத்துவரிடம் ‘வெள்ளாட்டுக்கு எவ்வளவு’ என்று தனியாகக் கேளுங்கள். குழாயை நாக்கின் மேலாக அதன் பின்பக்கம் வரை கொண்டுபோய் ஊற்ற வேண்டும். வாயின் முன்பக்கம் ஊற்றினால் மருந்து முதல் வயிற்றுக்குப் போகாமல் நேரே நான்காவதற்கு வழுக்கிப்போய்ச் சீக்கிரம் வெளியேறிவிடும். அப்புறம், சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் வேண்டாம்.

காட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதி பதில்தான். தொற்றும் பருவத்துப் புழுக்குஞ்சு ஓர் உறைக்குள் இருக்கிறது, அதனால் எதையும் தின்ன முடியாது. உடம்பில் சேர்த்துவைத்ததைக் கொண்டுதான் உயிர் தரிக்கும். குளிர்நாட்டில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நம் சூட்டில் ஓயாமல் அலைந்து சேமிப்பைத் தீர்த்துவிட்டு, ஐந்தாறு வாரத்தில் பெரும்பாலும் செத்துவிடும். கொரங்காட்டைக் கிளுவை வேலி போட்டுத் தடுத்து, மாற்றி மாற்றி மேய்க்கிற எங்கள் ஊர் வழக்கத்தின் அருமை இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒரு தடுப்பில் நாலைந்து நாளுக்கு மேல் விடாமல், மேய்ந்த தடுப்புக்கு ஐந்தாறு வாரமாவது ஓய்வு கொடுங்கள். மாட்டை முதலில் விட்டு ஆட்டைப் பின்னால் விடுவதும் நல்லது. ஆட்டுப் புழுக்குஞ்சுகளைப் பெரிய மாடு புல்லோடு விழுங்கிவிடும், அதன் வயிற்றில் அவை பெரும்பாலும் வளராது. புழுக்குஞ்சு இருப்பது தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள்தான். கொழுக்கட்டைப் புல்லை ஒட்ட மொட்டையாக மேயவிடாதீர்கள். பனி காய்ந்த பிறகு பட்டியைத் திறக்கச் சொல்வார் என் அப்பா. பனி ஈரத்தில்தான் அவை புல்லில் ஏறுகின்றன.

உங்கள் மாடுகள் விஷயம் வேறு. வளர்ந்த மாடு மேய்ந்து மேய்ந்து உருண்டைப் புழுவுக்கு ஓரளவு எதிர்ப்பைப் பெற்றுவிடும். கவனிக்க வேண்டியது கன்றுகளை. தாய்ப்பால் வழியாகவே உருண்டைப் புழு வந்துவிடும், எருமைக் கன்றுக்கு இன்னும் அதிகம். இரண்டு வார வயதிலேயே முதல் மருந்து தேவைப்படும். வாய்க்கால் ஓரம், குட்டை ஓரம் மேய்கிற மாட்டுக்கு நத்தை வழியாகத் தட்டைப் புழு வரும். இதில் நாற்றமடிக்கிற கழிச்சலோடு வருகிற வகைக்கு அல்பெண்டசோல் உதவாது, ஆக்சிகுளோசனைட் போன்றது வேண்டும். அந்த ஓரத்துப் புல்லை அறுத்து நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.

வேப்பிலை, பூண்டு, மஞ்சள், தும்பை அரைத்துக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கண் 1, 2இல் இருக்கும் ஆட்டுக்குக் கொடுங்கள், தப்பில்லை. வெளுத்த ஆட்டுக்கு அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், அதற்கு நேரம் இல்லை. அதற்கு மருந்தும், கூடவே புண்ணாக்கும் வேண்டும். இழந்த ரத்தத்தை ஊற வைக்கப் புரதம் தேவை.

சந்தையில் வாங்கும் ஆட்டை நேரே மந்தையில் சேர்க்க வேண்டாம். மருந்துக்குச் சாகாத புழு என் மந்தைக்கு அப்படித்தான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போது இரண்டு வாரம் தனியாகக் கட்டி, மருத்துவர் சொன்ன இரண்டு குடும்ப மருந்தையும் கொடுத்து, புழுக்கை பார்த்த பிறகே விடுகிறேன். ஒரே மழைக்காலத்தில் மூன்றாவது தடவை மருந்து கேட்கிற ஆட்டின் காதில் சிவப்புக் கயிறு கட்டுகிறேன். அதன் குட்டியைக் கிடாய்க்கு நிறுத்துவதில்லை.

நாளைக் காலையில் பத்து ஆட்டின் இமையைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை சிவப்பு, எத்தனை வெளுப்பு என்று இந்தப் பதிலுக்குக் கீழேயே எழுதுங்கள், அதைப் பார்த்து மேலே சொல்கிறேன்.