கொக்கி ஏன் ஆடுகிறது? அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: புது அளவு டேப்பின் நுனிக் கொக்கி லொடலொடவென்று ஆடுகிறது. சுத்தியலால் தட்டி ரிவெட்டை இறுக்கிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த ஆட்டம் பழுதல்ல, தெரிந்தே விட்டது. கொக்கித் தகட்டின் தடிமன் சுமார் 1 மி.மீ. என்றால், கொக்கி நகரும் தூரமும் அதே 1 மி.மீ.தான். பலகை விளிம்பில் மாட்டி இழுக்கும்போது கொக்கி வெளியே வரும், பூஜ்யம் அதன் உள்முகத்தில் தொடங்கும். அலமாரிக்குள் முட்டக்கொடுத்து அளக்கும்போது கொக்கி உள்ளே போகும், பூஜ்யம் வெளிமுகத்துக்கு மாறிவிடும். இரண்டு விதத்திலும் தகட்டின் தடிமன் கணக்கில் சேராது. இறுக்கிவிட்டால் ஏதோ ஒரு வகை அளவு எப்போதும் பிசகும். அன்றாடப் பொருள்களில் இவ்வளவு சிக்கனமான யோசனை வேறு எதிலும் இல்லை என்பேன்.

கெடுவது வேறு இடத்தில். டேப்பைப் படாரென்று சுருள விட்டால் கொக்கி கூட்டில் மோதி வளையும், ரிவெட் துளையும் நீளும். கடைசி ஒரு சாண் நீளத்தை விரலால் பிடித்து மெதுவாக உள்ளே விடுங்கள். சந்தேகம் வந்தால், முனையிலேயே பூஜ்யம் தொடங்கும் ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை எடுத்து அதில் கொக்கியை மாட்டி இழுத்துப் பாருங்கள். பிறகு இரண்டையும் சுவரில் முட்டவைத்துப் பாருங்கள். இரு முறையும் 10 செ.மீ. கோடுகள் ஒன்றினால் டேப் சரி. மிகத் துல்லியம் தேவைப்படும் வேலையில் கொக்கியை விட்டுவிட்டு 10 செ.மீ. கோட்டிலிருந்தே தொடங்கலாம். அளந்தால் 10 கழிக்கவும், குறித்தால் 10 கூட்டவும். கூட்ட மறந்தால் மரம் 10 செ.மீ. குட்டையாகிவிடும்.

கேள்வி: பேனா மூடியின் உச்சியில் துளை இருப்பது மை உலராமல் இருக்கவா, சார்?

பதில்: இல்லை. குழந்தை மூடியை விழுங்கி அது மூச்சுக்குழாயில் சிக்கினாலும், கொஞ்சம் காற்றாவது போய்வரட்டும் என்பதற்காக. பால்பாயின்ட் பேனாவின் உடம்பில் உள்ள சின்னத் துளையின் வேலை வேறு. மை குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து மை இறங்குவது தடைபடும். பூட்டின் அடியில், சாவித் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் பொட்டுத் துளை, உள்ளே போன மழைநீர் வடிவதற்கு. எண்ணெயும் அதன் வழியே விடலாம்.

கேள்வி: கட்டர் பிளேடு வெட்டும்போதே உடைந்து தெறிக்கிறது. மட்டமான பிளேடா?

பதில்: பெரும்பாலும் பிளேடை அதிகம் நீட்டியதுதான் காரணம். 1956-ல் ஜப்பானின் ஒகாடா யோஷியோ துண்டு துண்டாக ஒடிக்கும் இந்தப் பிளேடை உருவாக்கியபோது, உடைந்த கண்ணாடியின் கூர்விளிம்பும், கோடுகளில் ஒடியும் சாக்லேட் கட்டியும் அவருக்கு யோசனை கொடுத்தன. முனை மழுங்கினால் ஒரு துண்டை ஒடித்துப் புதுமுனை எடுக்கலாம். ஆனால் ஒடிவதற்காகப் போட்ட கோடு, பக்கவாட்டு அழுத்தத்திலும் ஒடியும். அதனால் ஒன்றிரண்டு துண்டுக்கு மேல் நீட்டாதீர்கள். தடிமனான அட்டையை ஒரே இழுப்பில் வெட்டாமல் மூன்று நான்கு முறை லேசாகக் கீறுங்கள். ஒடிக்கும்போது கோடு உள்ள பக்கம் மேலே இருக்கட்டும், குறட்டால் முனைத்துண்டைப் பிடித்துக் கீழ்நோக்கி மடக்குங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

கேள்வி: நான் வடிவமைப்பு படிக்கும் மாணவி. இப்படிக் கவனிக்கும் கண்ணை எப்படிப் பழக்குவது, அண்ணா?

பதில்: ஒரு நாளைக்கு ஒரு பொருள் போதும்மா. அதில் உள்ள ஒவ்வொரு துளை, வளைவு, இடைவெளியிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது இல்லாவிட்டால் என்ன கெடும், யாருக்குக் கெடும்? பிறகு குறுக்குவெட்டை இருமடங்கு அளவில் வரையுங்கள். வரையும்போதுதான் புரியாத இடம் அகப்படும். அடுத்தது, கெடுத்துப் பார்ப்பது. ஜெம் கிளிப்பை அளவுக்கு மீறி விரித்தால் கம்பி பழைய வடிவத்துக்குத் திரும்பாது, பிடியும் போய்விடும். கம்பியின் மீள்தன்மைதான் அங்கே வேலை செய்கிறது என்பதைக் கை புரிந்துகொள்ளும்.

கடைசியாக, பொருளின் பெயரை விட்டுவிட்டு அது செய்யும் வேலையை எழுதுங்கள். டேப் கொக்கிக்கு "தன் தடிமனைத் தானே கழித்துக்கொள்ளும் பாகம்", கட்டருக்கு "ஒடிய வேண்டிய இடத்தை முன்பே பலவீனமாக்குவது". இப்படி எழுதினால் தபால்தலைத் தாளின் துளைவரிசையும் கட்டர் பிளேடும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். புது வேலைக்கு யோசனை தேடும்போது புரட்ட வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

கேள்வி: பார்க்க அழகாக இருந்தால் போதாதா?

பதில்: கதவின் இருபுறமும் ஒரே மாதிரி அழகான கைப்பிடி வைத்துவிட்டு "தள்ளு" என்று எழுதி ஒட்டுகிறார்களே, அது போதவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. தள்ள வேண்டிய பக்கத்தில் பிடிக்க எதுவும் இல்லாத தட்டைத் தகடு வைத்தால் எழுத்தே வேண்டாம்.

கேள்வி: ஏ4 தாள் ஏன் 210 × 297 மி.மீ. என்ற விசித்திர அளவில்?

பதில்: நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.414, அதாவது இரண்டின் வர்க்கமூலம். இந்த விகிதத் தாளைப் பாதியாக மடித்தாலும் விகிதம் மாறாது. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர், ஏ4 அதில் பதினாறில் ஒன்று. ஆகவே 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம்.

கேள்வி: பையின் ஜிப்பை மூடினாலும் பின்னாலேயே திறந்துகொள்கிறது. முழு ஜிப்பையும் மாற்ற வேண்டுமா?

பதில்: பற்கள் முழுதாக இருந்தால் மாற்ற வேண்டாம். ரன்னரின் இரண்டு தகடுகளும் தேய்ந்து விரிந்திருக்கும், அதனால் பற்களை அழுத்திக் கோக்க முடியவில்லை. ஜிப்பை முழுவதும் திறந்து, ரன்னரின் ஒற்றை வாய் உள்ள பின்முனையில் இடது ஓரத்தைக் குறட்டால் லேசாக அழுத்துங்கள், பிறகு வலது ஓரம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரேயடியாக அழுத்தினால் வார்ப்பு உலோகம் விரிசல் விடும். சரியான பிறகும் இறுக்கமாக ஓடினால் பற்களில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். எண்ணெய் வேண்டாம், துணியில் கறை ஏறும், தூசியும் ஒட்டும்.