அண்டர்டேக்கரின் ஓய்வு – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

பாரதக் கூத்து பற்றித் தாங்கள் எழுதியவற்றைத் தொடர்ந்து படித்து வருகிறேன். இது சற்று வேறு விஷயம். பாலக்கோட்டில் நான் பள்ளியில் படித்த காலத்தில் டென் ஸ்போர்ட்ஸில் ரெஸ்லிங் பார்ப்பதும் ரெஸ்லிங் கார்டு சேர்ப்பதும்தான் எங்கள் பொழுதுபோக்கு. அதில் வரும் அண்டர்டேக்கர் என்ற அமெரிக்க வீரருக்கு ஏழு உயிர் என்று நம்பியவர்கள் நாங்கள். இப்போது என் மகன் யூடியூபில் அவரைப் பார்த்துவிட்டு, "இவர் இன்னும் ஆடுகிறாரா?" என்று கேட்கிறான். ஓய்வு பெற்றுவிட்டார் என்கிறார்கள். ஆனால் 2024இலும் அவரை மேடையில் பார்த்தேன். முடிவு முன்பே பேசி வைக்கப்பட்ட ஆட்டங்களில் வென்றவரைப் பெரிய வீரர் என்று மகனிடம் சொல்வது சரியா என்றும் தெரியவில்லை.

– ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று மகனிடம் தயங்காமல் சொல்லலாம். டெக்சாஸைச் சேர்ந்த மார்க் கேலவே, 1990 நவம்பர் 22 அன்று சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில் அண்டர்டேக்கராக அறிமுகமானார். சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, 2020 நவம்பர் 22 அன்று, அதே நிகழ்ச்சியில் விடைபெற்றார். கொரோனா காலம் என்பதால் ரசிகர்கள் அரங்கில் இல்லை, சுற்றிலும் வைத்த திரைகளில்தான் இருந்தார்கள். கடைசி ஆட்டம் அதே ஆண்டு, ரெஸ்லிங்கின் மிகப் பெரிய வருடாந்திர நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில், ஏஜே ஸ்டைல்ஸுடன் நடந்தது. அதுவும் ரிங்கில் அல்ல, இடுகாடு போல செட் போட்டுச் சினிமா பாணியில் எடுக்கப்பட்டது. 2022இல் அவரை ஹால் ஆஃப் ஃபேம் என்ற சாதனையாளர் வரிசையில் சேர்த்தார்கள். 2024 ரெஸில்மேனியாவில் நீங்கள் பார்த்தது, விளக்கு அணைந்து எரிந்த இடைவெளியில் தோன்றி, ராக் என்ற வீரருக்கு ஒரு சோக்ஸ்லாம் (கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் போடும் அடி) கொடுத்துவிட்டு மறைந்த வருகை மட்டுமே. அது ஆட்டக் கணக்கில் சேராது.

முன்பே முடிவான ஆட்டம் என்ற உங்கள் தயக்கம், பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த ஊர்க்காரருக்கு வர வேண்டியதே இல்லை. திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தைச் சுற்றி வீமனும் துரியோதனனும் மோதும்போது, விழப்போவது யார் என்பது கைக்குழந்தைகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவதில்லை.

இந்தத் தொழிலின் திறமை எதிராளியை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதில் இருக்கிறது. அண்டர்டேக்கரின் முத்திரை அடியான டூம்ஸ்டோனைச் சற்று மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். தலைகீழாகப் பிடித்திருக்கும் எதிராளியின் தலை, அண்டர்டேக்கரின் முழங்கால் மட்டத்துக்கு மேலே, தொடைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். தரையில் மோதுவது அவருடைய முழங்கால்கள். அப்படியானால் ஒவ்வொரு டூம்ஸ்டோனின் விலையையும் அவருடைய மூட்டுகள்தாம் கொடுத்தன. எதிராளியின் கையைப் பிடித்துக்கொண்டு மேல் கயிற்றில் நடந்து வருவாரே, அதில் கைப்பிடிச் சுவரே அந்த எதிராளிதான். எதிராளி தன் கையைச் சற்றுத் தளர்த்தினால் ஆறடி பத்தங்குல மனிதர் கீழே விழ வேண்டியதுதான். 2010 பிப்ரவரியில், கூண்டுக்குள் ஆடும் எலிமினேஷன் சேம்பர் நிகழ்ச்சிக்கு அண்டர்டேக்கர் நடந்து வரும்போது, அலங்காரத்துக்கு வைத்த நெருப்பு தவறான நேரத்தில் பீறிட்டு அவர் உடலைச் சுட்டது. கூண்டுக்குள் தம் முறை வரும்வரை பாட்டில் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு நின்றுவிட்டு, ஆடி முடித்துத்தான் போனார். பேசி வைத்த ஆட்டத்திலும் தீ சுடத்தான் செய்கிறது.

ஏழு உயிர்க் கதைக்கு வருகிறேன். 1994 ஜனவரியில் யோகோசுனாவுடன் நடந்த சவப்பெட்டி ஆட்டத்தில் பலர் சேர்ந்து அவரைப் பெட்டிக்குள் தள்ளி மூடினார்கள். ஆகஸ்டில்தான் திரும்பி வந்தார். 2003இல் உயிரோடு புதைத்தார்கள். அடுத்த ஆண்டு ரெஸில்மேனியாவில் எழுந்து வந்தார். செத்துச் செத்துப் பிழைப்பது அவர் கதையிலேயே இருந்தது. ஏழு என்பது நம் பிள்ளைகள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு நிலைத்ததற்கு முக்கியக் காரணம், ஏறத்தாழ முழு வாழ்க்கையும் அவர் பொதுவெளியில் வேடத்தைக் கலைக்காமல் இருந்ததே. தம்முடைய சொந்த முகத்தோடு அவர் விரிவாகப் பேசத் தொடங்கியது கடைசி ஆண்டுகளில்தான்.

என் பார்வையில், அவரை உயர்த்திய அந்தப் பிடிவாதமே அவரை நேரத்தில் இறங்கவிடாமலும் செய்தது. 1991 முதல் ரெஸில்மேனியாவில் தோல்வியே காணாமல் 21 வெற்றிகள். 2014இல் நியூ ஆர்லியன்ஸில் பிராக் லெஸ்னர் அதை உடைத்தபோது அரங்கம் வாயடைத்துப் போனது. அந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, ஆடியதே நினைவில்லாமல் மருத்துவமனைக்குப் போனார். அங்கேயே நின்றிருக்கலாம். 2017இல் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்று, கையுறை, கோட்டு, தொப்பி மூன்றையும் ரிங்கின் நடுவில் வைத்துவிட்டு நடந்தார். அதைவிட நல்ல விடைபெறல் கிடைக்காது. ஆனால் மறு ஆண்டே திரும்பினார். 2019 ஜூனில் ஜெத்தாவில், 54 வயதில், 52 வயது கோல்ட்பெர்க்குடன் ஆடிய ஆட்டத்தில் இருவருமே களைத்துத் தடுமாறினார்கள். கோல்ட்பெர்க் தூக்கிப் போடும்போது பிடி தவறி, அண்டர்டேக்கரின் கழுத்து முறியாமல் தப்பியது அதிர்ஷ்டம். வென்றவர் அண்டர்டேக்கர்தான் என்றாலும் அதைப் பார்த்த எனக்கு எரிச்சலே வந்தது. சம்பளத்துக்காக என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. கடைசியாக ஒரு நல்ல ஆட்டம் ஆடிவிட்டுப் போக வேண்டும் என்ற ஏக்கம், மோசமான ஆட்டம் ஒவ்வொன்றுக்குப் பிறகும் கூடத்தானே செய்யும்?

ரெஸில்மேனியாவில் 25 வெற்றி, 2 தோல்வி என்ற கணக்கை மகன் மனப்பாடம் செய்துகொள்வான். நீங்கள் அவனோடு உட்கார்ந்து 2009இல் ஹூஸ்டனில் ஷான் மைக்கேல்ஸுடன் நடந்த ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். ஜெத்தா ஆட்டத்தை அவன் தானாகத் தேடிப் பார்க்கும்வரை விட்டுவிடலாம். டூம்ஸ்டோனை மட்டும் கட்டிலில் தம்பி தங்கையிடம் முயன்று பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.